இரண்டாம் மாடித் திருப்பம்

அன்றைக்கும் பெரியவள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள். புத்தகப் பையை அப்பாவின் தோளுக்கு மாற்றிவிட்டு, படிக்கட்டு ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். எதிர்க் கட்டடத்துச் சன்ஷேடின் மேல் ஒரு சாம்பல் பூனை, சுவர்ப் பக்கம் தலையை வைத்துச் சுருண்டு கிடந்தது.

"என்ன மகாராணி, ஐயா என்ன பண்றார்?" என்று கேட்டார் அப்பா.

"தூங்குறார்ப்பா. ராத்திரி டூட்டி போல."

"குடுத்து வச்சவர். நம்மளை மாதிரி படியேறி மூச்சு வாங்க வேண்டியதில்ல."

"ஊருக்கெல்லாம் லிஃப்டு, நமக்கு மட்டும் படிக்கட்டு. உங்க கம்பெனியில சொல்லி இங்க ஒண்ணு மாட்டச் சொல்லக் கூடாதா?"

"சொல்லிப் பாத்தேன். மூணாவது மாடி மகாராணிகளுக்கெல்லாம் கெடையாதுன்னுட்டாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பூனை காதை ஒருமுறை ஆட்டியது. அதற்காகவே காத்திருந்தவள் போல, "சரி, போலாம்" என்று சொல்லி மிச்சப் படிகளை ஏறினாள்.

அவர்கள் வீட்டில் கடைசியாக நடந்த சாதாரண விஷயம் அதுதான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோரும் 'மெக்கானிக்' என்றே கூப்பிட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பது அந்தத் தெருவின் அலுத்துப்போன வேடிக்கை. அவர் மனைவி பெரிய சாலையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைக்கிற வேலை. வாசலில் நுழைகிறவரின் மூக்கைப் பார்த்தே எந்த ஃப்ரேம் வழுக்கும், எது காதை அறுக்கும் என்று சொல்லிவிடுவாள். ஒரு கண்ணாடியைக் கையில் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினால் போதும், அதன் பவர் ஏறக்குறைய அவள் வாயில் வந்துவிடும். அவள் கண்ணுக்குத் தப்பி வீட்டில் எதுவும் நடக்காது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. பிள்ளைகள் பரீட்சைப் பேப்பரை எங்கே ஒளித்தாலும் அகப்பட்டுக்கொள்வார்கள்.

பெரியவள் மாடித் திருப்பத்தில் நிற்பதை அவளும் பார்த்திருந்தாள். எல்லோருமே பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகும் இந்தப் பெண்ணுக்குப் பூனைப் பைத்தியம் தீரவில்லை என்று சிரித்தார்கள். "பார்வையாளர் நேரம் முடிஞ்சிடுச்சு, மேல வாடி" என்று மூன்றாம் மாடியிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். சின்னவள் அக்காவுக்கு முன்னால் தடதடவென்று ஏறிப் போய், கதவைத் தட்டிவிட்டு மறுபடி இறங்கி வந்து, அக்கா இன்னும் அங்கேயே நிற்பதைக் கண்டு கேலி பண்ணுவாள். சின்னவளுக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர்.

பூனை பார்க்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். பூனையும் அங்கே இருந்ததே.

அன்று இரவு பெரியவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தே தூங்கினாள். விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் மத்தியானம், அவளுக்கு வீட்டுத் தலையணைதான் வேண்டுமென்று சொன்னதால் மெக்கானிக் அதை எடுத்துவரப் போயிருந்தார். அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து கையில் மாட்டியிருந்த குழாயில் ஊசி மருந்தைச் செலுத்திவிட்டுப் போனார். அம்மா மட்டும் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். மெக்கானிக் தலையணையோடு திரும்பி வந்தபோது அவர் மனைவி திரைக்கு வெளியே, செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள்.

*

பிறகு ஒரு மருத்துவர் அவர்களை உட்கார வைத்துப் பேசினார்.

"சின்ன வயசுல அடிக்கடி தொண்டை வலி வந்துச்சா?"

எந்தப் பிள்ளைக்குத்தான் வரவில்லை? உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள். நாலு நாளில் போய்விட்டது. திரும்ப வந்தது. திரும்பப் போனது.

"முட்டி, கணுக்கால்னு வீங்கி வலிச்சுதா? ஒரு இடத்துல சரியாகி இன்னொரு இடத்துல வருமே?"

வந்தது. ஆறாம் வகுப்பில். இன்று முழங்கால், நாளை கணுக்கால், அடுத்த நாள் முழங்கை. ஊர் சுற்றுகிற வலி என்று அதற்குப் பேர் வைத்தார்கள். "எங்கடி போயிருக்கு இன்னிக்கு உன் வலி?" என்று கேட்பார்கள். வளர்கிற வயதில் எலும்பு இழுக்கும் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார். வலி போனது. போனதை யாரும் தேடவில்லை.

தொண்டையில் வரும் ஒரு வகைக் கிருமியால் இப்படி ஆகலாம் என்றார் மருத்துவர். அந்தக் கிருமியோடு சண்டை போடக் கிளம்புகிற உடம்பு, சில பிள்ளைகளுக்கு ஆள் தெரியாமல் தன் மூட்டையும் இதயத்தையுமே அடித்துவிடும். மூட்டு தேறிவிடும். இதயத்தின் வால்வு தழும்பேறிச் சரியாக மூடாமல் போய்விடும். மூடாத கதவை வைத்துக்கொண்டு இதயம் வருஷக்கணக்காக இரட்டை வேலை பார்க்கும். வெளியே ஒன்றும் தெரியாது. படியேறும்போது மட்டும் கொஞ்சம் நிற்கச் சொல்லும்.

மூடாத கதவு என்னவெல்லாம் செய்யும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி இதில் பாதியைக்கூடக் கேட்கவில்லை. அவளுக்குக் கண்ணால் பார்த்தது ஒன்றுதான் இருந்தது. பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஊசி போட்டார்கள். அப்புறம் அவள் பேசவில்லை.

*

பெரியவள் படித்த பள்ளியில்தான் சின்னவளும் ஐந்தாம் வகுப்பு படித்தாள். பெரியவள் இறந்த சில மாதங்களில் அந்தப் பள்ளிக்கு ஒரு மருத்துவக் குழு வந்தது. நூலக அறையின் ஜன்னலில் படுக்கை விரிப்பைக் கட்டி இருட்டாக்கி, கையடக்கமான ஒரு ஸ்கேன் கருவியை மேஜையில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகப் படுக்க வைத்து இதயத்தைப் பார்த்தார்கள். பள்ளியில் ஒரு நர்ஸையும் நிரந்தரமாக அமர்த்தினார்கள். திங்கட்கிழமை தோறும் வகுப்பாசிரியர் வருகை எடுத்து முடித்ததும், "தொண்டை வலி யாருக்கு?" என்று கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. கை தூக்குகிறவர்கள் நர்ஸின் அறைக்குப் போக வேண்டும். அங்கே தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் சோதித்து, அந்தக் கிருமி இருந்தால் மாத்திரை கொடுத்துவிடுவார்கள்.

முதல் திங்கட்கிழமை பாதி வகுப்புக்குத் தொண்டை வலி. முதல் பாடவேளை கணக்கு.

நர்ஸ் கனத்த உடம்பும் அதைவிடக் கனத்த குரலும் உள்ளவர். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "இதுல தொண்டை வலி யாரு, கணக்கு வலி யாரு? கணக்கு வலிக்கு வேற ஊசி, ரொம்பப் பெருசு" என்றார். வரிசை பாதியாகக் குறைந்தது. மீதிப் பேரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிள்ளைகள் அவரை 'நர்ஸக்கா' என்றார்கள்.

ஸ்கேன் எடுத்த வாரத்தில் நர்ஸக்கா மெக்கானிக்கைப் பள்ளிக்கு வரச் சொன்னார். அவர் மெஷின் ரூம் கிரீஸைத் துணியில் துடைத்தபடியே வந்தார். குழுவின் மருத்துவர் ஓர் இளம்பெண். இருட்டறையில் சின்னவளைப் படுக்க வைத்து, கருவியின் திரையைக் காட்டினார். சாம்பல் புகைக்குள் ஓர் இலை போல ஏதோ திறந்து மூடியது, திறந்து மூடியது. மூடும்போது ஒரு முனையில் கொஞ்சம் நிறம் கசிந்தது.

"வால்வுல கசிவு ரொம்ப லேசாத்தான் இருக்கு" என்றார் மருத்துவர். "இவளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. இப்படியே நிக்க வச்சிடலாம், சரியாகிடவும் செய்யலாம். ஆனா திரும்பத் திரும்ப அந்தத் தொண்டைக் கிருமி வரக் கூடாது. வந்தா இது பெருசாகும். மாசாமாசம் ஒரு பென்சிலின் ஊசி போட்டா வராம தடுக்கலாம்."

"எவ்வளவு காலத்துக்கு மேடம்?"

"ரெண்டு வருஷம் போட்டுட்டு மறுபடி ஸ்கேன் பண்ணிப் பாப்போம். காலேஜ் வயசு வரைக்கும்கூடப் போகலாம்."

"மாத்திரை கெடையாதா?"

"இருக்கு. தினம் ரெண்டு வேளை, வருஷக்கணக்கா. பத்து நாள் விட்டுப் போச்சுன்னா அந்தப் பத்து நாள்ல கிருமி வந்துடும்."

நர்ஸக்கா குறுக்கே புகுந்தார். "மாத்திரையை மறந்துடலாம் சார். இந்த ஊசியை மறக்க முடியாது. உக்காரும்போதெல்லாம் ஞாபகம் வரும்."

கட்டிலில் படுத்திருந்த வாலு சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "எங்க போடுவீங்க?"

"நீ உக்காரற எடத்துலதான்."

*

அன்று சாயங்காலம் வேலை ஒரு குடியிருப்பில். அங்கே குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி ஓய்வுபெற்ற அதிகாரி. மெஷின் ரூம் வாசலில் கைகட்டி நின்று கண்காணிப்பார்.

"நல்லாத்தானேப்பா ஓடுது? ஓடறதை எதுக்குக் கழட்டறே?"

"நல்லா ஓடறப்போ பண்றதுதான் சார் சர்வீஸ். நின்னதுக்கப்புறம் பண்றது ரிப்பேர்."

"இதைத்தான் போன மாசமும் சொன்னே."

"அடுத்த மாசமும் சொல்வேன் சார்."

இருபது வருஷமாகச் சொல்லி வந்த பதில் அது. எந்தச் செக்ரட்டரிக்கும் அதற்கு மறுபேச்சு கிடையாது. அதை நம்பித்தான் அன்று வீட்டுக்குப் போனார். மனைவியை உட்கார வைத்து, திரையில் பார்த்ததைச் சொல்லி, மருத்துவர் சொன்னதைச் சொல்லி, கடைசியில் அந்தப் பதிலையும் சொன்னார்.

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எம்பொண்ணு லிஃப்டு இல்ல" என்றாள்.

"நான் அப்படிச் சொல்லலை..."

"ஓடறா, குதிக்கிறா, சாப்பிடறா. இவளுக்கு எதுக்கு ஊசி? ஒருத்திக்குப் போட்டது போதும்."

"அது வேற மருந்து. நுரையீரல்ல தேங்கின நீரை எறக்கறதுக்கு. அப்பவே டாக்டர் சொன்னாரே."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

அவர் அங்கே இல்லை. கையில் தலையணையோடு சிக்னலில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நர்ஸக்கா கேட்டார். "பெத்தவங்க யாராவது ஒருத்தர் சரின்னா போதும் சார். நீங்க சொல்லுங்க, அடுத்த வாட்டி டாக்டர் வர்றப்போ போட்டுடறோம்."

வாய் வரைக்கும் வந்தது. சரி என்று ஒரு வார்த்தை. சின்னவள் வீட்டில் சொல்ல மாட்டாள். சொன்னாலும் போட்டது போட்டதுதான். ஆனால் திரைக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றவள் நினைவுக்கு வந்தாள். மறுபடியும் அவளைத் திரைக்கு வெளியே நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை.

"அவங்கம்மா வரணும்" என்றார். "அவ வராம வேணாம்."

"வருவாங்களா?"

"தெரியலை சிஸ்டர்."

"நான் வேணா வீட்டுக்கு வந்து பேசட்டுமா? எங்க வீட்டுக்காரரே என் பேச்சைத் தாங்க மாட்டாரு."

மெக்கானிக் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு நாளும் தள்ளிப் போவது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. சின்னவள் ஒரு தும்மல் தும்மினால்கூட நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் இரண்டு பேரும் ஊசியைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஊசியில் வந்து முட்டியது. குரல் உயர்ந்தால் சின்னவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

*

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நர்ஸக்காவிடமிருந்து போன் வந்தது. மெக்கானிக் அப்போது ஒரு லிஃப்டின் கூரை மேல் நின்று கதவு உருளையை மாற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணுக்குத் தொண்டை வீங்கிப் போயிருக்கு சார். விழுங்க முடியாம தண்ணியை வாயில வச்சிட்டு உக்காந்திருந்தாளாம். பக்கத்துல உக்கார்ற பொண்ணு வந்து சொல்லுச்சு."

"நேத்து திங்கட்கிழமைதானே? கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. இவ கையைத் தூக்கலை."

அவர் போனபோது சின்னவள் நர்ஸின் அறையில், கால் தரையைத் தொடாத உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சுக்குச்சிச் சோதனை முடிந்திருந்தது. அதே கிருமிதான்.

"ஏண்டா சொல்லலை?"

அவள் நர்ஸக்காவைப் பார்த்தாள். நர்ஸக்கா அலமாரியில் எதையோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டார். அந்த அலமாரி அப்படியொன்றும் தேடுகிற அளவுக்குப் பெரியது இல்லை.

"சொன்னா ஊசி பேச்சு வரும். நீங்க கத்துவீங்க. அப்புறம் அம்மா பாத்ரூம்ல போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவாங்க."

"அதுக்காக?"

"இதுவே சரியாப் போயிடும்னு நெனச்சேன்ப்பா. அக்காவுக்கெல்லாம் தானாத்தானே சரியாப் போச்சு."

மெக்கானிக் அந்த ஸ்டூலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸக்கா மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்தார். "வலி போயிடுச்சுன்னு நடுவுல நிறுத்திடாதீங்க. அட்டை காலியாகணும்" என்றார். அந்தக் கனத்த குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

மனைவியை அழைத்துப் போகக் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். வழியில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று எண்ணியிருந்தார். கடை வாசலிலேயே சின்னவளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள், "என்ன, தொண்டையா?" என்றாள். அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "மாத்திரைதானே? சரி" என்று கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மூவரும் நனைந்த சாலையில் நடந்து வந்தார்கள்.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் சின்னவள் எப்போதும் போல முன்னால் ஏறினாள். பெற்றவர்கள் பின்னால். முதல் மாடி தாண்டியது. தடதட சத்தம் நின்றது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சின்னவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவர் மனைவி இரண்டு படி கீழேயே நின்றுவிட்டாள். கைப்பை தோளிலிருந்து முழங்கைக்கு நழுவியது.

"ஏன் நின்னே?"

"பூனைம்மா."

"மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. பூனை பாக்கறேன்."

"நெஜமாச் சொல்லு."

"நெஜமாப் பூனைதான். வேணா வந்து பாருங்க."

அவள் ஏறி வந்தாள். பூனையைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உதட்டின் நிறத்தைப் பார்த்தாள். மூக்கின் ஓரம் விரிகிறதா என்று பார்த்தாள். கழுத்துக் குழியைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கடையில் ஒரு லென்ஸைத் தூக்கிப் பிடிக்கிற அதே கவனம். ஆனால் அங்கே வருகிற பதில் இங்கே வரவில்லை.

"அம்மா, வலிக்குது. விடுங்க."

விட்டாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"அவளும் பூனைன்னுதான் சொன்னா" என்றாள்.

மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்றார். மேல் மாடியில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அவளும் இங்கயேதான் நின்னா. இதே கம்பியைத்தான் பிடிச்சா. நானும் மேலேர்ந்து எட்டிப் பாத்துப் பாத்துச் சிரிச்சேன்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைக்கு யார் வந்தாலும் பாத்ததும் சொல்றேன். இவளைப் பாத்தா எனக்குத் தெரியலைங்க. பூனையா மூச்சான்னு எனக்குத் தெரியலை. இனிமே இவ எங்க நின்னாலும் எனக்குத் தெரியப் போறதில்ல."

சின்னவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "நேத்தே வலிச்சுதும்மா" என்றாள் மெதுவாக. "மிஸ் கேட்டாங்க. நான் கையைத் தூக்கலை. நீங்க அழுவீங்கன்னு."

அவள் மகளைத் திட்டவில்லை. அணைக்கவும் இல்லை. நழுவிய கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். கணவரிடம் கேட்டாள்.

"அந்த ஊசி போட்டா, அப்புறம் எவ்வளவு நேரம் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க?"

"தெரியலை. கேக்கறேன்."

"நீங்க கேக்க வேணாம். நானே வந்து கேக்கறேன்."

*

மருத்துவர் வருகிற நாளில் மூவரும் போனார்கள். அவர் மனைவி நர்ஸின் அறை வாசலில் செருப்பைக் கழற்றப் போய், நிதானித்து, போட்டபடியே உள்ளே போனாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். சின்னக் குளிர்பெட்டி, எடைக் கருவி, சுவரில் கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகை. பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததைப் போய் நேராக்கினாள். பிறகு கேட்கத் தொடங்கினாள்.

ஒத்துக்காமல் போனால் என்ன ஆகும்? முதலில் எப்படித் தெரியும்? தெரிந்தால் என்ன மருந்து கொடுப்பீர்கள்? அது எங்கே இருக்கிறது? காட்டுங்கள். மருத்துவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்த சின்னக் குப்பிகளை அவள் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, தேதியைப் படித்து வைத்தாள். படுக்க வைத்துத்தான் போடுவோம், போட்ட பிறகு அரை மணி நேரம் இங்கேயே இருக்கட்டும், நானும் இருப்பேன் என்றார் மருத்துவர்.

கடைசியாக, யாரையும் பார்க்காமல், "என் பெரிய பொண்ணுக்குப் போட்டாங்களே" என்றாள்.

"ஆஸ்பத்திரியில கேட்டுப் பாத்தேன்மா" என்றார் மருத்துவர். "அது இந்த மருந்து இல்ல. ஊசியாலயும் இல்ல. அதுக்கு முன்னாடியே அவ இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருந்துச்சு. அவளுக்கு இந்த ஊசி ஆறாம் கிளாஸ்ல கெடைச்சிருக்கணும்."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

நர்ஸக்கா குளிர்பெட்டியைத் திறந்து மருந்து அடைத்த ஊசிக்குழலை எடுத்தார். பால் போல வெள்ளையாகக் கெட்டியான மருந்து. "இது ரொம்பச் சில்லுன்னு இருக்கு. இப்படியே போட்டா இவ போடற சத்தத்துல ஸ்கூலுக்கே லீவு விட்டுடுவாங்க. கொஞ்சம் சூடாகணும். பிடிங்கம்மா, கைக்குள்ள வச்சுக்குங்க."

அவள் பின்வாங்குவாள் என்று மெக்கானிக் நினைத்தார். அவள் கையை நீட்டினாள். மூடியிட்ட அந்தக் குழலை வாங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டாள். லென்ஸ் தேய்த்துக் காப்புக் காய்த்த கை. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

"போதும், குடுங்கம்மா" என்று நர்ஸக்கா கேட்டபோது, "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றாள்.

வாலு கத்தத்தான் செய்தாள். வாய்ப்பாடு நின்று, வாசலில் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "என்ன பாக்கறீங்க? கணக்கு வலிக்குப் போடற ஊசி இதுதான்" என்றார் நர்ஸக்கா. தலைகள் மறைந்தன. அரை மணி நேரமும் அவர் மனைவி கட்டிலின் பக்கத்தில் மகளின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இடையில் திரை எதுவும் இல்லை. மெக்கானிக் அவளுக்குப் பின்னால் நின்றார். தண்ணீர் குடிக்கக்கூட வெளியே போகவில்லை.

அரை மணி முடிந்ததும் வாலு எழுந்து உட்காரப் போய், உட்கார முடியாமல் நின்றாள். "நர்ஸக்கா, நீங்க சொன்னது சரிதான். ஞாபகம் வருது."

அன்று நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தாள். முதல் மாடி வரை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் விட்டுவிட்டாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள். பின்னால் வந்த இருவரும் நின்றார்கள். மூச்சு வாங்குதா என்று கேட்க வாயெடுத்த அவர் மனைவி கேட்காமல் விட்டாள். அடுத்த மாத ஊசிக்கு வர வேண்டிய தேதி எழுதிய சீட்டு அவள் கைப்பையில் இருந்தது. அவளும் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெரியவள் போன பிறகு முதல் தடவையாக, வெளியே பார்த்தாள்.

எதிர்க் கட்டடத்துச் சன்ஷேடின் மேல் அந்தச் சாம்பல் பூனை, சுவர்ப் பக்கம் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.